பாக்கெட்டில் ஆறு பட்டன்

நான் தையல்காரன். எண்ணிக்கையில் எனக்குக் கோட்டை விட்டுப் பழக்கமில்லை. ஒரு சட்டைக்கு எத்தனை காஜா, எத்தனை பட்டன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, என் மனைவியின் தம்பி, ஊரே வேடிக்கை பார்க்க, "ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டான். அது நடந்து இரண்டு வருடம்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊர் அவன் ஊர். நான் இருப்பது இந்த ஊர். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு ஊருக்கும் கிரிக்கெட் மேட்ச். இந்த ஊர்க்காரன், அந்த ஊர் மாப்பிள்ளை என்பதால் நான்தான் அம்பயர். அன்று கடைசி ஓவரில் மச்சான் ஆடிக்கொண்டிருந்தான். ஆறு பந்து முடிந்தது என்றேன். இல்லை, ஐந்துதான் என்றான். ஆறு என்று அடித்துச் சொன்னேன். மட்டையைத் தூக்கி வீசிவிட்டு, "இனி உங்க வீட்டு வாசப்படி மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க" என்று போனவன், போனவன்தான். அவன் மெக்கானிக் பட்டறை சைக்கிளில் போனால் பத்து நிமிடம். இரண்டு வருடமாக அந்தப் பத்து நிமிடத்தை எங்கள் வீட்டில் யாராலும் கடக்க முடியவில்லை.

போன வருடம் மேட்சே நடக்கவில்லை. இந்த வருடம் என் மனைவிதான் பிடித்த பிடியில் நின்று இரண்டு பக்கமும் பேசினாள். கடைசியில் அவன் இறங்கி வந்தான். "மாமாவே நிக்கட்டும். ஆனா வாய்க் கணக்கு வேணாம். கையில ஆறு பொருள் வச்சுக்கிட்டு, ஒரு பந்துக்கு ஒண்ணா மாத்தணும். ஒழுங்கா நடந்துச்சுன்னா, முடிஞ்ச கையோட வீட்டுக்கு வந்து சாப்பிடறேன்."

மேட்ச் அன்று காலை என் பட்டன் டப்பாவிலிருந்து ஆறு வெள்ளைப் பட்டன்களை அவளே எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். "அவன் ஜெயிக்கிறானோ தோக்கிறானோ, எனக்கு அது வேணாம். வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் வழியெல்லாம் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

மைதானத்தில் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு முறையை விளக்கினேன். ஓவர் தொடங்கும்போது ஆறு பட்டனும் பேண்ட்டின் வலது பாக்கெட்டில். ஒரு பந்துக்கு ஒரு பட்டன் இடது பாக்கெட்டுக்குப் போகும். வலது பக்கம் காலியானால் ஓவர் முடிந்தது. "பாக்கெட் சொல்றதுதான் தீர்ப்பு. அப்புறம் எவனும் வாயைத் திறக்கக் கூடாது." எங்கள் ஊர்க் கேப்டன் வெல்டிங்காரன் தலையாட்டினான். அந்த ஊர்க் கேப்டன் என் மச்சான். அவனும் தலையாட்டினான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு பக்கம் சாக்கடை என்பதால் பந்துவீச்சு ஒரே முனையிலிருந்துதான். அதனால் அம்பயரும் நான் ஒருவன்தான். பன்னிரண்டு ஓவரில் எங்கள் ஊர் தொண்ணூற்று நான்கு. அவர்கள் ஆட வந்தபோது விக்கெட் ஒரு பக்கம் விழ, ரன் ஒரு பக்கம் ஏற, யார் ஜெயிப்பார்கள் என்று ஜோசியக்காரனாலும் சொல்ல முடியாத நிலை. ஸ்கோர் எழுதிய மருந்துக்கடைக்காரர், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு யாரோ ஓடி வர, பத்தாவது ஓவரில் நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். வாங்கியவர் ரன்னை மட்டும் கூட்டினார். எத்தனை பந்து என்பது அதோடு நோட்டிலிருந்து காணாமல் போனது. அதனால் என்ன, என் பாக்கெட் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

பதினோராவது ஓவரின் கடைசிப் பந்தை மச்சான் சாக்கடைக்கு அப்பால் அடித்தான். சிக்ஸர். இரண்டு கையையும் மேலே தூக்கினேன். உட்கார்ந்தே வேலை செய்கிறவனின் தொப்பை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டையின் நடுப் பட்டன் தெறித்து விழுந்தது. அந்தச் சட்டையைத் தைத்ததும் நான்தான். ஊர் சட்டைக்கெல்லாம் இழுத்துத் தைக்கிறவன், என் சட்டைக்கு இரண்டு சுற்றோடு நூலை அறுத்திருக்கிறேன்.

விக்கெட் கீப்பராக நின்ற வெல்டிங்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "டைலரே, உங்க மானம் இதோ" என்று நீட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எரிச்சலோடு பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். இடது பாக்கெட்டை மொத்தமாக அள்ளி வலதுக்கு மாற்றி, கடைசி ஓவருக்கு நின்றேன்.

ஒன்பது ரன் வேண்டும். பந்து எங்கள் பேக்கரிக்காரன் கையில். அவனுக்கு மின்னல் என்று பெயர். அவன் பந்து வந்து சேர எடுக்கும் நேரத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர். முதல் பந்தில் ஒன்று. அடுத்ததில் மச்சான் இரண்டு. அதற்கடுத்து ஒன்றுமில்லை. பிறகு ஒரு வைடு. பட்டனை மாற்றக்கூடாது, மாற்றவில்லை. ஆனால் அது வைடே இல்லை என்று எட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்ததில் இரண்டு ரன். அதற்கடுத்த பந்தில் ரன் அவுட் என்று கத்தினார்கள், இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. நாயைத் துரத்தினவர்கள் பாதி, என்னைத் திட்டினவர்கள் பாதி. திரும்பி நின்றபோது என் தலைக்குள் எண்ணிக்கை என்று ஒன்றுமே இல்லை. மூன்று ரன் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மின்னல் வீசினான். மச்சான் சுழற்றினான். மட்டையில் படவில்லை.

"முடிஞ்சுது!" எங்கள் ஊர்க்காரர்கள் ஸ்டம்பைப் பிடுங்கப் போனார்கள். மச்சான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நான் பட்டனை இடதுக்கு மாற்றிவிட்டு, வலது பாக்கெட்டில் கை விட்டேன். விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது.

மனசில் வைடையும் சேர்த்து எண்ணிவிட்டேனா? நாய் ஓடியபோது மாற்றாமல் விட்டேனா? மனசு முடிந்தது என்றது. கை இல்லை என்றது.

"இன்னும் ஒரு பந்து இருக்கு" என்றேன்.

"என்னய்யா விளையாடுறியா?" வெல்டிங்காரன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். "மச்சானுக்குப் பந்தி பரிமாறுறியா?" பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். பட்டன் கீழே விழுந்தது. எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பேசி வைத்த பேச்சு ஆயிற்றே. வெல்டிங்காரனே அதைப் பொறுக்கி என் கையில் திணித்துவிட்டுப் போனான். மச்சான் மட்டும் பட்டனைப் பார்க்காமல், இரண்டு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த பந்து நேராக என் தலைக்கு மேல் போய் எல்லைக் கயிற்றைத் தாண்டியது.

சொன்னபடி மச்சான் வீட்டுக்கு வந்தான். ஜெயித்த கோப்பையை முன்னறை மேஜைமேல் வைத்தான். என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு தட்டு போதும் என்ற இடத்தில் மூன்று தட்டு எடுத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தான். இதற்காகத்தானே இத்தனையும் என்று நினைத்தேன்.

"என்னங்க இது, வயிறு தெரியுது? இப்படியேவா ஊர்வலம் வந்தீங்க?" ஊசியோடு வந்தாள். "பட்டன் எங்க?"

பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் அள்ளி மேஜைமேல் கொட்டினேன். அவள் தன்போக்கில் எண்ணினாள். "நான் ஆறுதானே குடுத்தேன்? ஏழு இருக்கே."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிக்ஸர், தொப்பை, வெல்டிங்காரன் நீட்டிய கை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பட்டன்.

"மச்சான், என் சட்டைப் பட்டன் அதுல கலந்துடுச்சு. அது ஏழாவது பந்து. சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் மாமா. நான் எண்ணிக்கிட்டுத்தான் ஆடினேன்."

"அப்ப ஏன்டா ஆடினே?"

"போன தடவை தராம விட்ட பந்தை இப்பத் திருப்பித் தர்றீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் வந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவன் என்னை நம்பி வரவில்லை. நான் திருட்டுத்தனம் செய்ததாக நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் வந்திருக்கிறான்! "அன்னிக்கும் ஆறுதான்டா" என்று கத்த வாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக மனைவியிடம், கடைக்கு வருகிறவர்களிடம், எல்லோரிடமும் சொன்னதுதான். ஆனால் மேஜைமேல் ஏழு பட்டன் கிடந்தது. இன்று விரலில் தட்டுப்பட்டதைச் சத்தியம் என்று நம்பினேன். அன்று என்னிடம் பட்டன்கூட இல்லை. வெறும் விரல், சுற்றிலும் கூச்சல், என் ரோஷம்.

"அன்னிக்கு அஞ்சா ஆறான்னு எனக்குத் தெரியல மச்சான்" என்றேன். "அன்னிக்கே தெரியல."

அவள் ஊசியில் நூல் கோக்காமல் நின்றாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா, நான் மட்டையைத் தூக்கிப் போட்டிருக்கவே மாட்டேனே மாமா." பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "அக்கா, இன்னும் கொஞ்சம் போடு. சாப்பிட்டுட்டுக் கோப்பையைக் கொண்டுபோய் வெல்டிங்காரன்கிட்டக் குடுக்கணும். தனியாப் போனா மாமாவை அடிப்பாங்க."

அவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறினாள். பிறகு என்னை நிற்க வைத்து, சட்டையைக் கழற்ற விடாமல், அந்தப் பட்டனைத் தைத்தாள். எட்டுச் சுற்று சுற்றினாள். நான் எண்ணினேன், ஒன்பதாகவும் இருக்கலாம்.