இரண்டு மலைக்கு ஒரு காது குத்து

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய பங்குனி அது. மயிலம் மலையடிவாரத்துப் புளியந்தோப்பில் கூண்டு வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உத்திரத்துக்கு வருகிற குடும்பங்கள் பாதி வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வரும். மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டி, கல்லைக் கூட்டி உலை வைத்துவிட்டால், திருவிழா முடியும்வரை அந்த மரத்து நிழல் அவர்கள் சொத்து. பக்கத்து வண்டியில் புளி கடன் வாங்குவதும், அவர்கள் மாடு நம் வைக்கோலைத் தின்றதற்குச் சண்டை பிடிப்பதும் அந்தச் சொத்தோடு சேர்ந்து வருகிறவை.

திண்டிவனத்துப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் துரைக்கண்ணுவின் குடும்பமும் அங்கே இறங்கியிருந்தது. அவன் மனைவி சின்னபொண்ணு, மூன்று வயது மகள் அம்மணி, அக்கா வெள்ளையம்மாள், அக்கா புருஷன் சக்கரபாணி. அம்மணிக்கு மொட்டையடித்துக் காது குத்த வந்திருந்தார்கள். நாவிதர் தயார், காது குத்தும் ஆசாரி தயார், பொங்கல் பானைகூடத் தயார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைத்தான் காணோம்.

தாய்மாமன் வெங்கடாசலம் பனமலைக்காரன். அவன் கல்யாணப் பந்தியில் எந்த அவசரக்குடுக்கையோ துரைக்கண்ணுவுக்கு இலையைத் திருப்பிப் போட்டுவிட்டான். இடப்பக்கம் இருக்கவேண்டிய நுனி வலப்பக்கம் கிடந்தது. வீட்டு மாப்பிள்ளைக்கு இப்படியா என்று துரைக்கண்ணு சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டான். மைத்துனன் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "திருப்பிப் போட்டுக்க ரெண்டு கையி இல்லியா?" என்று கேட்டு வைத்தான். அன்றோடு போக்குவரத்து நின்றது. வாழையிலைக்குப் பிரிந்த குடும்பம் என்று இரண்டு ஊரும் சிரித்தன. சின்னபொண்ணுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அண்ணன் ஒருவன்தான்.

காது குத்துப் பேச்சு வந்ததும் அதையே சாக்காக வைத்து அண்ணனை இழுத்தாள். "வந்தா வரட்டும், நான் இன்னா வாணாம்னா சொன்னேன்?" என்றான் துரைக்கண்ணு. அவன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம். பனமலை வழியாக விழுப்புரத்துப் பக்கம் வளையல் விற்கப் போகும் விருத்தாசலத்திடம் அவள் உடனே சொல்லியனுப்பினாள்.

"உத்திரத்துக்கு மலைக்கு வந்துடச் சொல்லுங்க. அம்மணிக்குக் காது குத்து. மாமன் மடியில்லாம குத்த மாட்டேன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கட்டாயம் வருவதாக அண்ணன் சொன்னான் என்று வளையல்காரர் திரும்பி வந்து சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அவள் தேவையில்லாமல் இரண்டு கையும் நிறைய வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது அந்த வளையல்களைத்தான் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உத்திரம் நேற்றே முடிந்துவிட்டது. காவடிகள் ஏறி இறங்கிவிட்டன. விடிந்ததிலிருந்து பாதையைப் பார்த்துப் பார்த்து அவள் கழுத்து வலித்தது. துரைக்கண்ணு பாதைப் பக்கமே பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே அவன் ரொம்பப் பாடுபட்டான். தானே இறங்கி வந்து கூப்பிட்டும் மைத்துனன் வராமல் இருந்துவிட்டானே என்று உள்ளே வெந்துகொண்டிருந்தான்.

"ஆசாரி சாயங்காலம் ஊருக்குக் கிளம்பறாராம். எங்க வூட்டுக்காரும் கொழந்தைக்கு மாமன் முறதான? அவரு மடியில வெச்சி ஜல்தியா குத்திட்டுப் போலாம்" என்றாள் வெள்ளையம்மாள்.

அத்தை புருஷனும் மாமன்தான், முறையில் தப்பில்லை. அதுதான் சின்னபொண்ணுவுக்குப் பயம். தாய்மாமன் மடி ஒரு தடவை வேறொருவருக்குப் போய்விட்டால், நாளைக்குச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அண்ணன் எந்த முகத்தோடு வந்து நிற்பான்? பிறந்த வீட்டுக் கதவை அவளே இழுத்துச் சாத்தினதாக ஆகிவிடும். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"அக்கா சொல்றதுதான் சரி" என்றான் துரைக்கண்ணு, மாட்டைப் பார்த்து.

சக்கரபாணி துண்டை உதறிப் போட்டுச் சம்மணம் கொட்டினான். பாவம், அவனுக்கும் சங்கடம்தான். ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்தார்.

"கொழந்த ஒண்ணுக்குப் போவணுங்குது" என்று சின்னபொண்ணு அம்மணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லல" என்றாள் அம்மணி. அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள்.

"நீ சொன்ன" என்று அவளைக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் இறக்கினாள். முகத்தைக் கழுவினாள், காலைக் கழுவினாள், கழுவின காலையே மறுபடியும் கழுவினாள். முருகா, இதற்கு மேல் கழுவ இந்தப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் பாதையில் புழுதி பறக்க ஒரு வண்டி வந்தது. இடது மாட்டுக்கு ஒரு கொம்பு காதைத் தொட வளைந்திருந்தது. அந்தக் கொம்பைக் கன்றிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"அண்ணா!"

வெங்கடாசலம் வண்டியை நிறுத்தினான். கண் சிவந்து, தலையெல்லாம் புழுதியாக, சண்டைக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

"எந்த மலைக்கு வரச் சொன்ன நீ?"

"மலைக்குத்தான்."

"அதான், எந்த மலைக்கு?"

"இந்த மலைக்குத்தான். மலைன்னா வேற எது?"

"பனமலையில பொறந்தவ கேக்கற கேள்வியா இது?" என்று அவன் இறங்கினான். "நேத்து பொழுதுக்கும் நம்ம மலமேல குந்திகினு இருந்தேன். ஏரிக்கரையில எந்த வண்டி வந்தாலும் நீதான்னு எழுந்து நிக்கறேன். இருட்டிப்போச்சி. மச்சான் வேணும்னே என்ன வெயில்ல காய வுட்டாருன்னு நெனச்சி, நாலு வார்த்த கேட்டுடலாம்னு உங்க ஊருக்கு வண்டிய ஓட்டிகினு போனேன். இந்த மலையத் தாண்டித்தான் போனேன். காவடிக் கும்பல் வழி வுடாம பேஜார் பண்ணுதேன்னு திட்டிகினே போனேன். உன் வூடு பூட்டியிருக்குது. மலைக்குப் போயிருக்காங்கன்னு பக்கத்து வூட்டம்மா சொல்லுது. மலையிலருந்துதாம்மா நான் வர்றேன்னேன். பைத்தியத்தப் பாக்கற மாதிரி பாக்குது."

சின்னபொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், இங்கே எல்லாரும் மயிலத்தை மலை என்று சொல்லும்போது, இதெல்லாம் ஒரு மலையா என்று மனசுக்குள் சிரித்தவள் அவள். அந்த வார்த்தை என்றைக்கு அவள் வாயிலேயே இடம் மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அதற்கு வருத்தப்பட அப்போது நேரமில்லை. அண்ணன் வராமல் இருக்கவில்லை. வந்து, பொழுதுக்கும் அவளுக்காகக் காத்திருந்தான். மலை மட்டும்தான் தப்பு. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

வண்டியில் அவளுக்கென்று பனையோலையில் கட்டிய நுங்கு இருந்தது. மலையேறி இறங்கி, ஊர் சுற்றி, வாடி வதங்கிக் கல்லாகியிருந்தது. அவள் அதைக் கீழே போடவில்லை.

தோப்பில் கதையைச் சொன்னதும் சக்கரபாணிதான் முதலில் சிரித்தான், விட்டது தொல்லை என்று துண்டை மடித்துக்கொண்டு. வெள்ளையம்மாளும் சிரித்தாள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை. "ராத்திரியெல்லாம் முழிச்சிகினா வந்த மச்சான்?" என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மாமன் மடியில் மொட்டை விழுந்தது, காது குத்தியாயிற்று. அம்மணி மலையே அதிரும்படி கத்தி, மாமன் சட்டையில் மூக்கைத் துடைத்து, அந்த மடியிலேயே தூங்கிப்போனாள். அவளை எழுப்ப மனமில்லாமல் வெங்கடாசலம் அப்படியே சாப்பிட உட்கார்ந்தான்.

"நான் போடறேன்" என்று துரைக்கண்ணு இலையை எடுத்தான். பொண்டாட்டி இருக்க, அக்கா இருக்க, அவன் எதற்கு? பரபரப்பில் இலையைக் கழுவினான், உதறினான், மைத்துனன் முன்னால் விரித்தான். நுனி வலப்பக்கம் வந்து விழுந்தது.

சின்னபொண்ணு கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். வெங்கடாசலம் இலையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"சோத்தப் போடும்மா, பசி உயிர் போவுது" என்றான்.

குழம்பு ஊற்றக் குனிந்தபோதுதான் துரைக்கண்ணு அதைக் கவனித்தான். முகம் வெளுத்துவிட்டது. "அட, எல…" என்றான்.

"ரெண்டு கையி இருக்குது மச்சான். ஒண்ணு சோத்துல, ஒண்ணு உன் பொண்ணப் புடிச்சிகினு இருக்குது. எந்தக் கையால திருப்பறது?"

துரைக்கண்ணு அப்போதுதான் சிரித்தான். சிரிப்பில் கரண்டி ஆடியது. குழம்பை அந்தத் திருப்பிப் போட்ட இலையிலேயே தாராளமாக ஊற்றினான்.