மோந்து பார்க்கிற வேலை

கும்மிடிப்பூண்டியில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஜெபாவுக்கு மோந்து பார்க்கிற வேலை. வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள், அதுவும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. படித்ததை எவனும் கேட்கவில்லை, மூக்கைத்தான் கேட்டான். அந்த மூக்கும் இரண்டு வாரமாக அடைத்துக்கொண்டு கிடந்தது. பச்சை என்றால் எலுமிச்சை, மஞ்சள் என்றால் சந்தனம் என்று நிறத்தைப் பார்த்தே ஒப்பேற்றினாள். ஆனால் நாளைக் காலையில் சூப்பர்வைசர் மணவாளன் அவள் கண்ணைக் கட்டிவிட்டு சோப்பை நீட்டப்போகிறார். சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் பழையபடி காண்ட்ராக்டில் அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு கிளினிக்குக்கு ஓடினாள். பெஞ்சு நெடுக மூக்குகள். எளாவூர் லாரி டிரைவர் முனுசாமிக்கு இடது துவாரம் மட்டும் வேலைநிறுத்தமாம். கங்கம்மா குனிந்தால் நெற்றிக்குள் பாறாங்கல் உருளுகிறதாம். கடைசியில் ஒருவர் மாஸ்க்கும் மங்கி குல்லாயுமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார், சொட்டு மருந்தை எப்படிப் போடுகிறீர்கள் என்று. எல்லோரும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நின்றபடியே ஊற்றிக்கொள்கிறவர்கள். மூக்குக்கு வாங்கிய மருந்தெல்லாம் வயிற்றுக்குப் போயிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு, அத்தனை பேரையும் பெஞ்சுகளில் குறுக்காக மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கவிடச் சொன்னார். நர்ஸ் கிறிஸ்டினா நாற்றுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல வரிசையாகச் சொட்டு விட்டுக்கொண்டே வந்தாள்.

பக்கத்துத் தலை சொட்டுக்காக மாஸ்க்கைக் கழற்றியது. தலைகீழாகப் பார்த்ததில் மீசை முதலில் புருவம் மாதிரி தெரிந்தது. மணவாளன்.

"கம்பெனில சொல்லிடாதம்மா. எனக்கு ஒரு வருசமா ஒரு வாசனையும் தெர்ல."

ஜெபாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மூக்கே வேலை செய்யாத மனுஷன் அவள் மூக்குக்குப் பரீட்சை வைக்கிறார். "அப்ப நாளைக்கு நான் சொல்றது ரைட்டா தப்பானு எப்டி சார் கண்டுபுடிப்பீங்க?"

"கலரு இருக்குல்ல?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் மூக்கு திறந்துகொண்டது. இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் வாசனை ஓங்கி அறைந்தது.

"சார், ஷூவைக் கழட்டிட்டீங்களா?"

மணவாளன் தொங்கியபடியே அதிகாரியானார். "ஆமா. இன்னா வருது, சொல்லு பாப்போம்."

"செத்த எலி. மூணு நாளாச்சு. மேல கொஞ்சம் பவுடர்."

"கரெக்ட்டு. பாஸ். நாளைக்குக் கண்ணெல்லாம் கட்ட வாணாம், வேலை உனக்குத்தான்."

"உங்களுக்குத்தான் வாசனையே தெரியாதே. எப்டி கரெக்ட்டுன்றீங்க?"

"ஊட்ல டெய்லி இதையேதான் சொல்லினு கீறா. நீ பவுடரைக்கூட உடலியே."