திருப்பி வாசிக்கிறேன்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயை வைத்துத்தான் பத்தொன்பது வருடம் பிழைத்தேன். மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் நிலையத்தில் உட்கார்ந்து, சூரை பிடிக்கப் போன கப்பல்களோடு காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பேசுவது என் வேலை. அந்த வாய் ஒரு செப்டம்பர் மாதம் இரண்டு மணி இருபது நிமிடம் மூடிக் கிடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வயர்லெஸ்ஸில் இரைச்சல் ஜாஸ்தி. 'ச'வும் 'த'வும் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் எழுத்துக்கு ஒரு சொல் என்று ஜப்பான் முழுக்க ஒரே பட்டியல் உண்டு. 'ச' என்றால் சகுரா, செர்ரிப் பூ. 'சு' என்றால் சுஸுமே, அதாவது சிட்டுக்குருவி. 'மா' என்றால் மாட்ச்சி, தீக்குச்சி. அப்பன் கடலில் இருக்கும்போது இங்கே குழந்தை பிறந்தால், பெயரை இப்படித்தான் எழுத்தெழுத்தாகக் கப்பலுக்குச் சொல்வேன். அவர்கள் அப்படியே திருப்பி வாசிப்பார்கள். நான் 'சரி' என்பேன். அந்த 'சரி' போனால்தான் செய்தி முடிந்ததாகக் கணக்கு. பட்டியலில் இல்லாத சொல்லை நாமாகச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

நான் சேர்த்தேன். என் தம்பிக்காகச் சேர்த்தேன்.

தோகுஜி அப்போதுதான் 'தோமோ மாரு' கப்பலுக்குக் கேப்டன் ஆகியிருந்தான். மூன்று பயணம் போனான், மூன்று தடவையும் வெறுங்கப்பலாகத் திரும்பினான். "தோகுஜி கப்பல்ல இந்த வருஷம் ஐஸ்கட்டிதான் நல்ல வெளைச்சலாமே" என்று மீன் கூடத்துப் பெண்கள் என் காதுபடவே சிரித்தார்கள். அதே கடலில் 'ஹிசா மாரு'வின் கேப்டன் கனேகிச்சி போன இடமெல்லாம் சூரை துள்ளியது.

கனேகிச்சி எங்கே நிற்கிறார் என்பது கரையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் எங்கள் நிலைய அதிகாரி நுமகுரா, இன்னொருத்தி நான். கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரகசிய எழுத்துகளில்தான் சொல்லும். அதைப் பிரித்துப் படிக்கும் அட்டை எங்கள் இரும்பு அலமாரியில் இருக்கும். பிரித்துப் பார்த்து, சுவரில் இருக்கும் கடல் வரைபடத்தில் அந்த இடத்தில் ஊசி குத்தி வைப்பேன். கப்பலுக்கு ஏதாவது ஆனால் தேடிப் போக அந்த ஊசி ஒன்றுதான் வழி. அதற்காக மட்டும்தான் எங்களை நம்பிச் சொல்கிறார்கள்.

ஒரு மத்தியானம் தோகுஜி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இந்தத் தடவையும் வெறுங்கையா வந்தா ஆளுங்க எறங்கிடுவாங்க. இப்பவே மூணு பேர் கனேகிச்சி வீட்டு வாசல்ல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கானுங்க."

"அதுக்கு நான் என்னடா பண்ணணும்? கடல்ல குதிச்சு மீனை உன் பக்கம் வெரட்டி விடவா?"

"இடம்கூட வேணாம். எந்தத் திசைன்னு மட்டும் சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு சோத்தைத் தின்னு."

அவன் தின்னவில்லை. கிண்ணத்தில் ஊற்றிய மிசோ சூப் ஆறி, அடியில் வண்டலாகப் படிந்தது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனால் எனக்குத் தாங்காது. அன்றைக்கும் தாங்கவில்லை.

ஏற்பாடு இதுதான். 'தோமோ மாரு'வுக்குச் செய்தி சொல்லும்போது 'ச' வருகிற இடத்தில் சகுராவுக்குப் பதிலாக 'சபா', கானாங்கெளுத்தி என்றால், கனேகிச்சி அவன் கப்பலுக்கு வடக்கே இருக்கிறார். 'சங்கோ', பவளம் என்றால் தெற்கே. எத்தனை தடவை சொல்கிறேனோ அத்தனை பத்து மைல். எல்லாக் கப்பலும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும்தான். ஆனால் யாருக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்தேன்.

"என்னம்மா சொனோயே, உங்க வீட்ல சகுரா பூக்கிறத நிறுத்திடுச்சா? ஒரே மீன் வாடையா அடிக்குது" என்று ஒரு கப்பலிலிருந்து கேலி வந்தது. நானும் சிரித்து, "பசி நேரம்யா, வாயில மீன்தான் வருது" என்றேன். கனேகிச்சி சிரிக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

மூன்று தடவை அவர் மீன் கூட்டத்தின் மேல் நிற்கும்போது தோகுஜியின் கப்பல் அடிவானத்தில் முளைத்தது. தோகுஜி மூன்று தடவையும் நிறைய மீனோடு வந்தான். அவனுடைய ஆட்கள் யாரும் இறங்கவில்லை. எனக்கு ஒரு பெரிய சூரையை வாலைப் பிடித்துத் தூக்கி வந்து கொடுத்தான். அதை அறுத்து, மேலே வைக்கோல் நெருப்பு காட்டி, ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

நாலாவது தடவை, ஒரு திங்கட்கிழமை, இரைக்கு உயிர் நெத்திலி ஏற்ற வந்தவன் நேரே என்னிடம் வந்தான். முகம் சுருங்கிக் கிடந்தது.

"நீ சொன்ன எடத்துல ஒரு பறவைகூட இல்ல அக்கா. ஹிசா மாருவும் இல்ல. புகை வாசம்கூட இல்ல."

"வேற பக்கம் நகந்திருப்பாரு."

"அரை நாள்லயா? அந்தத் தண்ணியில கை வச்சா வெறைச்சுப் போவுது. அங்க எந்தச் சூரை வரும்?"

அவன் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். கனேகிச்சி சொன்ன இடம் வடக்கே இருந்தது. அங்கே அந்த வாரம் தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் அவர் சொன்ன தண்ணீர் வெப்பம் இருபத்து மூன்று. அந்த வெப்பம் தெற்கே, சூடான நீரோட்டத்தின் நாக்கு நீண்டிருக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஊசியிலிருந்து அறுபது மைல்.

மனிதர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நுமகுராவிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எங்கள் அப்பா அவரோடு கப்பலில் போனவர், அந்த முகத்துக்காக இருக்கும். இடத்தை மட்டும் பொய்யாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். வெப்பத்தில் அவர் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அதை வைத்துத்தான் மற்ற எல்லாக் கப்பலுக்கும் கடல் வெப்பப் படம் போடுகிறார்கள்.

அன்றே நுமகுராவிடம், இந்த ஊசி பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். கனேகிச்சி ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்பார். கானாங்கெளுத்தி, பவளம் எல்லாம் வெளியே வரும். என் வேலை போகும், தோகுஜியின் கப்பல் போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் ஓட்டினேன். அந்த இரண்டு நாளும் அவர் அதே இடத்தையும் அதே வெப்பத்தையும்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு 'ஹிசா மாரு' பதில் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். ஒன்பது மணிக்கு நுமகுரா கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டார். லைன் கரகரத்தது. "உன் குரல்தான் தெளிவு, நீயே சொல்லு" என்று போனை என் கையில் கொடுத்தார்.

நான் சொன்னேன். விமானம் என்ற ஹிகோகியின் 'ஹி', சகுராவின் 'ச'. அன்றைக்குச் சகுரா ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு சுவரைப் பார்த்து, ஊசி இருந்த இடத்தை எண் எண்ணாகச் சொன்னேன். போனின் மறுமுனையில் இருந்த பையன் ஒரு எண் பிசகாமல் திருப்பி வாசித்தான்.

"சரி" என்றேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பென்சில் சீவினேன். கப்பலில் போனவர்களின் வீட்டார் வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள், அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். கப்பலின் சமையல்காரர் யசாகுவின் மனைவி ஹாத்சுயோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன் குரல் கேட்டா அவருக்குத் தெம்பா இருக்கும்மா, கூப்பிட்டுக்கிட்டே இரு" என்றாள். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அறுபது மைல் தள்ளி விமானம் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. "அந்த எடத்துல எண்ணெய்ப் படலம்கூட இல்லைங்க. இடத்தை இன்னொரு தடவ சொல்றீங்களா?"

வாயைத் திறந்தேன். இரண்டாம் தடவை அந்த எண்கள் வரவில்லை.

"அந்த இடம் பொய்" என்றேன். "தெக்க போங்க. அறுபது மைல்."

நுமகுரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன ஒளர்ற நீ?"

தண்ணீர் வெப்பத்தைக் காட்டினேன். தம்பிக்குத் திசை சொல்லிக் கொடுத்ததையும், அதனால்தான் கனேகிச்சி இடத்தை மாற்றிச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான்" என்றேன். "பதிவேட்டப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

மூன்று பத்துக்கு உயிர்காப்பு மிதவையைக் கண்டுபிடித்தார்கள். விடியற்காலையில் இயந்திர அறையில் தீப்பிடித்து, வயர்லெஸ்ஸும் எரிந்து, கப்பல் மூழ்கியிருந்தது. மிதவையில் பதினான்கு பேர், உயிரோடு பதின்மூன்று. யசாகு தீயில் ஒரு பையனை இழுத்து வெளியே தள்ளியதில் உடம்பெல்லாம் வெந்து போயிருந்தார். இரண்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தாராம், தண்ணீர் கேட்டாராம்.

மூன்று பத்திலிருந்து இரண்டு மணி இருபது நிமிடத்தைக் கழித்தால் பன்னிரண்டு ஐம்பது. இந்தக் கணக்கை நான் போடாத நாள் கிடையாது.

வேலை போயிற்று. தோகுஜி சங்கத்தார் முன்னால் மண்டியிட்டான். கப்பலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவனைச் சாதாரண ஆளாக ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் ஊர் என்னை நான் பயந்த அளவுக்குக் காறித் துப்பவில்லை. "தப்புப் பண்ணா, ஆனா தன் வாயாலயே சொல்லிப் பதிமூணு பேரக் காப்பாத்திட்டா" என்றார்கள். தோகுஜி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "திங்கக்கிழமையே நான் உன்கிட்ட சொன்னத யார்கிட்டயும் சொல்லல அக்கா" என்றான். பாசமாகத்தான் சொன்னான். அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் சடங்குக்கு ஹாத்சுயோ வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் ஊதுவத்தி ஏற்றிவிட்டு எனக்கு டீ வைத்தாள்.

"நீ சொல்லலைன்னா உடம்புகூடக் கெடைச்சிருக்காதும்மா. அந்தக் கனேகிச்சியத்தான் என்னால மன்னிக்க முடியல. ஏழு நாளைக்கு ஒரு தடவ வராரு. அதோ, அந்தப் பாயில நெத்திய வச்சு, 'நான்தான் கொன்னேன், நான்தான் பொய் சொன்னேன்'னு அழுவறாரு. நான் ஒரு வாய் டீ குடுக்கல. இனிமே கடலுக்கே போகமாட்டாராம். போகாம இருக்கட்டும்."

வாயைத் திறந்தேன். "டீ நல்லா இருக்கு" என்றேன். என் வாய் நீளத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாளுக்கு முந்தைய காலையில் நூற்றுப் பதினைந்தைச் சுழற்றினேன். போனில் தந்தி சொல்லும் எண் அது. துக்க வீட்டுக்கு எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். முழு வாக்கியமாகச் சொல்லத்தானே வாய் வரவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சின்னப் பெண் குரல். "துக்கத் தந்திங்களா? கறுப்புக் கரை போட்ட அட்டையில அனுப்பலாங்களா? வாசகம் வழக்கமானதா?"

"இல்லம்மா, நானே சொல்றேன். எழுத்துக் கூட்டித்தான் சொல்லுவேன்."

"பேருக்கு மட்டும் அப்படிச் சொன்னாப் போதுங்க."

"எனக்கு இப்படித்தாம்மா வரும். எழுதிக்கோ."

சொன்னேன். யமாத்தோவின் 'ய', சகுராவின் 'ச', குராபு, அதாவது கிளப்பின் 'கு' என்று ஆரம்பித்து, தீக்குச்சியும் ரேடியோவும் ஆப்பிளுமாகச் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் பட்டியலில் உள்ள சொற்கள். குரல் நடுங்கவே இல்லை. அந்தப் பெண்ணின் பேனா ஒரு இடத்தில் நின்றது போல இருந்தது, பிறகு மறுபடி ஓடியது. கடைசியில் என் பெயர். சொரோபானின் 'சொ', நோஹாராவின் 'நோ', ஏய்கோவின் 'ஏ'.

"திருப்பி வாசிக்கிறேன்" என்றாள்.

அவளும் எழுத்தெழுத்தாக வாசிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் சேர்த்து வாசித்தாள்.

"யசாகுவைக் கொன்றது கேப்டன் இல்லை. இடம் பொய் என்று எனக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். தெரிந்தே தப்பான இடத்தைச் சொன்னேன். தெரிந்தே இரண்டு மணி இருபது நிமிடம் சும்மா இருந்தேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார். சொனோயே."

லைனில் இரைச்சலே இல்லை. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"இப்படித்தானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். விதிப்படி என் பதில் வராமல் அவள் அனுப்ப முடியாது. இல்லை, நிறுத்திவிடு என்றால் நிறுத்தியிருப்பாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி ஆகப் போகிறது.

"சரி" என்றேன்.