ஆர்மோனியக்காரரின் கை

யுத்தம் முடிந்த வருஷம். சித்தூரிலிருந்து கல்யாணக் கச்சேரிக்குத் திருப்பதி வந்து சேர்ந்த குழுவில் எல்லோரும் பஸ்ஸில் குலுங்கிக் களைத்திருந்தார்கள். கிட்டார் வாசிக்கும் கிருபானந்தத்துக்கு மனசும் அலுத்திருந்தது. அவன் தனியாக வாசிக்கும் இடங்களை ஏசுரத்தினத்தின் ஆர்மோனியம் எப்போதும் விழுங்கிவிடும்.

இந்த முறை சத்தத்தைப் பெருக்க, கிராமபோனின் ஊசித் தலையைக் கிட்டாரில் கட்டி, அதன் ஒயரை ரேடியோப் பெட்டியில் செருகியிருந்தான். பெட்டியின் சத்தக் குமிழை முழுக்கத் திருப்பியே வைத்தால், அவன் வாசிக்காத நேரத்தில் பெட்டி ஊளையிட்டது. குறைத்து வைத்தால் பழைய கதைதான். தன் முறை வரும்போது மட்டும் கூட்டலாமென்றால், இரண்டு கையும் கிட்டாரில் இருந்தன. முதல் பாட்டில் அவன் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னாபா, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றார் ஏசுரத்தினம்.

"குமிழத் திருப்ப ஒரு கை இல்லண்ணா."

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த பாட்டில் கிருபானந்தத்தின் முறை வந்ததும் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் குமிழைத் திருப்பினார். கிருபானந்தம் மீட்டும் கையைக் கம்பிகள் முடியும் அடிப்பக்கத்துக்கு நகர்த்தி, கூர்மையாக மீட்டினான். பந்தலின் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முடித்ததும் ஏசுரத்தினம் குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

"எனக்கும் கை கொஞ்சம் ஆறிச்சி. இனிமே இப்டியே பண்ணிக்கலாம்" என்றார் பாட்டு முடிந்ததும்.

கிருபானந்தம் தலையை ஆட்டிவிட்டு, தளர்ந்த கம்பியை முறுக்கினான்.