ஒரு சின்ன ரப்பர் குழாய்

பெட்ரோல் பிரஷர் மீட்டரின் முள் நாற்பதில் நின்றது. நேற்றும் இப்படித்தான் நல்ல பிள்ளையாக நின்றுவிட்டு, தைரியராஜ் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் இறங்கிப்போயிருந்தது. அதனால் இன்று அவர் அதை நம்பவில்லை. பானட்டுக்குள் குனிந்தபடியே, பெட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டரின் தலையிலிருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு விட்டுப்போயிருந்தது. பாலக்கரையில் இத்தனை வருஷமாக அம்பாசடருக்கும் பியட்டுக்கும் குனிந்த முதுகு அது. எண்பத்தைந்தாம் வருஷத்தில் வந்து, டர்போ வைத்த ஜப்பான் காருக்குக் குனி என்றால் அது எங்கே போகும்? ஊரில் இந்த மாதிரி வண்டி இது ஒன்றுதான். அதுவும் சொந்தத் தங்கை புருஷனுடையதாகப் போய்விட்டது. வேறு யாருடையதாகவாவது இருந்தால் தெரியாது என்று கையை விரித்திருப்பார்.

"அது என்னத்துக்குண்ணே, குழாய்க்குள்ள போல்ட்டு?"

கேட்டது அந்தத் தங்கை பேட்ரிசியாதான். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சனிக்கிழமை அரை நாள் என்பதால் வீட்டுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வந்து, பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் ரோஸ் கலர் சாக்பீஸ் தூள். கரும்பலகையில் தினமும் ஒரு பூ வரையாவிட்டால் அவளுக்குப் பாடம் ஓடாது.

"இந்தக் குழாய் இன்ஜின்லேருந்து ரெகுலேட்டருக்குப் போவுது. செட்டிங் பண்றப்ப இதைக் கழட்டிடணும். சும்மா விட்டா இன்ஜின் வெளிக்காத்தை இழுக்கும்ல, அதான் வாயை அடைச்சிருக்கேன். முடிஞ்சதும் திரும்ப மாட்டிருவேன்."

"மாட்டலைன்னா?"

"நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. ரோட்ல மிதிச்சாதான் தெரியும். டர்போ காத்தை அமுக்கித் தள்ளுறப்ப பெட்ரோலும் கூட வரணும். இந்தக் குழாய் இல்லைன்னா ரெகுலேட்டருக்கு அது தெரியாது. வண்டி இழுக்காது. அப்பவும் விடாம மிதிச்சா பிஸ்டன் வெந்துடும்."

பேட்ரிசியா விரலிலிருந்த தூளைத் தட்டினாள். அப்புறம் கையைப் பார்த்தபடி சொன்னாள். "அண்ணே, இதை இப்படியே விட்டுடேன்."

அவள் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். எப்போது கேட்பாள் என்றுதான் தெரியாமல் இருந்தது. அவள் புருஷன் அற்புதசாமி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவன். கல்யாணமான கையோடு போனவன், வருஷத்துக்கு ஒரு முறை விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். போன வருஷம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இந்தக் காரோடு வந்து இறங்கினான். இனிமேல் இங்கேதான் என்றான். தில்லைநகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டு மூடினான். லேத் வைத்து அதையும் மூடினான். பிறகு வாசலில் காரைத் துடைப்பதுதான் அவனுக்கு உத்தியோகமாக இருந்தது. பழைய சிங்கப்பூர்ப் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி கைமாறிப் பணம் வந்த அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டான். காரை வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கராஜ் என்ற கான்ட்ராக்டர் மகன் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. சோழவரத்தில் ரேஸ் ஓட்ட வேண்டுமென்று அவனுக்கு ஆசை.

"ஆசையா வர்றவன் ஓட்டிப் பாத்து, வேணாம்னு போயிடட்டும். அவ்வளவுதாண்ணே. அப்புறம் இவரு இங்கதான் இருப்பாரு."

"நானே உன் புருஷனைக் கப்பலேத்தி விடுற மாதிரிதான் எனக்கும் இருக்கு. அதுக்காக, கைக்கு வந்த வண்டியைக் கெடுத்துக் குடுக்க முடியுமா? நீ அவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு, போகாதீங்கன்னு."

"எனக்கு அலுத்துப் போச்சுண்ணே. அவரு துணி மடிக்கிறப்பல்லாம் அழுது, அழுது... இனிமே அழ முடியாது."

தைரியராஜ் மீட்டரைப் பார்த்தார். முள் நாற்பதிலேயே நின்றிருந்தது; அந்த வேலை முடிந்துவிட்டது. போல்ட்டைப் பிடுங்கி, குழாயை ரெகுலேட்டரில் மாட்டி, கிளிப்பை நகர்த்திக் கவ்வவிட்டார். முள் கொஞ்சம் கீழே இறங்கியது. குழாய் மாட்டினதும் அப்படித்தான் இறங்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு நிதானமாகத்தான் திரும்பி வந்தார். பேட்ரிசியா பையைத் தோளில் மாட்டி நின்றிருந்தாள். பானட் மூடியிருந்தது.

"நான் போயிட்டு வரேண்ணே," என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ரெங்கராஜ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அற்புதசாமியோடு வந்துவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதே அவனுக்கு வாயெல்லாம் பல். அற்புதசாமி பக்கத்தில் உட்கார்ந்தான், தைரியராஜ் பின்னால். ஊருக்குள் கார் பூப்போலப் போயிற்று. குடமுருட்டிப் பாலம் தாண்டி முக்கொம்பு போகிற ரோட்டில், வலது பக்கம் காவிரி தெரிய ஆரம்பித்ததும் ரெங்கராஜ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கார் எழும்பப் பார்த்து, முக்கித் தயங்கியது. இன்னும் மிதித்தான். இன்ஜினுக்குள் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"காலை எடுங்க! தம்பி, காலை எடுங்க! ஓரங்கட்டுங்க!"

வாழைத்தோட்டத்தை ஒட்டிக் கார் நின்றது. இன்ஜினை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு தைரியராஜ் இறங்கிப்போய் பானட்டைத் தூக்கினார். ரெகுலேட்டரின் பக்கத்தில் குழாய் தனியாகக் கிடந்தது. அதன் வாய்க்குள் அடைப்பாக ஒரு துண்டு ரோஸ் கலர் சாக்பீஸ். அது நழுவாதபடி மேலே கிளிப்பும் போட்டிருந்தது. அவர் எப்படிப் போட்டாரோ அப்படியே.

முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. வண்டி போயிருக்கும், ரெங்கராஜ் இன்னும் நாலு முறை மிதித்திருந்தால் பிஸ்டன் போயிருக்கும், தன் பெயரும் போயிருக்கும். பிறகு, அந்தக் கிளிப்பை அவள் விரலால் அழுத்தி நகர்த்தியிருப்பதை நினைத்தார். கோபம் வடிந்துவிட்டது. அசதிதான் மிஞ்சியது.

அற்புதசாமி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். சாக்பீஸைப் பார்த்தான். அவன் சட்டைகளைத் துவைத்துப் போடுகிறவளின் விரல் கலர் அவனுக்குத் தெரியாதா?

"மச்சான்... இது..."

"வண்டில கோளாறு இல்ல மாப்ள. குழாயை மாட்டினா போதும், பறக்கும். நான் ஒரு தடவை மாட்டிட்டேன். இன்னொரு தடவை என்னால ஆவாது. நீங்களே மாட்டுங்க. இல்லைன்னா அந்தத் தம்பிகிட்ட வண்டி விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க."

"என்னண்ணே, பெரிய வேலையா?" என்று ரெங்கராஜ் உள்ளேயிருந்து தலையை நீட்டிக் கேட்டான்.

தைரியராஜ் ரோட்டோரத்துக் கல்லில் போய் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினார்.

அற்புதசாமி கிளிப்பைத் தள்ளி சாக்பீஸைப் பிடுங்கினான். உடனே குழாய் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. இன்ஜின் தடுமாறி, நின்றுவிடுவதுபோல் இறங்கியது. அவன் பதறிப்போய்க் கட்டைவிரலைக் குழாயின் வாயில் வைத்தான். இன்ஜின் சமாதானமாயிற்று. ரெகுலேட்டர் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ரெங்கராஜ் மறுபடியும் ஏதோ கேட்டான். அற்புதசாமி ஒரு கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான். குழாய் அவன் விரலை விடாமல் உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது.