அண்ணனுக்கு ஹெர்னியா

1

இந்தக் கதை ஒரு விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் பிறந்தது, குற்றம் என்னுடையது. ‘புராஸ்டேட்’ என்றே எழுதியிருக்கலாம். தனித்தமிழ்ப் பெருமிதத்தில் ‘ஆண்மைச் சுரப்பிப் புற்றுநோய்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டேன். பொம்மனஹள்ளிச் சுவர்களிலோ லாட்ஜ் வைத்தியர்கள் ஏற்கெனவே ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தாளை வாங்கிய ஆண்கள் படிக்காமலே மடித்துக்கொண்டார்கள்.

2

நாராயணசாமி ஒரு மாவீரனைப் போல (அடித்துவிட்டேன். அவர் பயந்த மனிதர்.)

வயது ஐம்பத்தெட்டு. ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டுபவர். மனைவி இறந்தபின் ஒற்றை அறை வாழ்க்கை. சென்ற ஆண்டு அந்தச் சுரப்பியைப் புற்றோடு அறுத்தெடுத்தார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தம்பி சிவசங்கரனிடம் ஹெர்னியா என்றார். துணைக்கு வருகிறேன் என்றவனையும் தடுத்துவிட்டு, மருத்துவமனையில் தனியே கிடந்தார். சிறுநீர் கசிந்து வேட்டி நனையும் நாள்களில் அவர் (இதை முடிக்க அவர் விடவில்லை.)

3

கட்டுரைபோல் ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மருத்துவர் சொன்னது இது: பொதுவாக ஐம்பது வயதில் இந்தப் புற்றைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் பேசலாம், தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ அறுபத்தைந்துக்கு முன்பே வந்திருந்தால், நாற்பத்தைந்திலேயே பேசிவிட வேண்டும்.

சிவசங்கரனுக்கு நாற்பத்தாறு.

4

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தம்பி அழைத்தான்.

“ண்ணா, கம்பெனில கேம்ப். அம்பது ஆனவங்களுக்குதான் புராஸ்டேட் கேன்சர் டெஸ்ட்டாம். வீட்ல யாருக்காவது இருந்தா எனக்கும் எழுதுவாங்களாம். இல்லைன்னு டிக் போட்டுர்றேன். நம்ம வம்சத்துல ஹெர்னியாதானே ஓடுது.”

சிரித்தான். நாராயணசாமி சாப்பிட்டாயா என்று கேட்டார். படிவத்தை எப்போது தர வேண்டும் என்று கேட்டார்.

“இப்பவே. நர்ஸம்மா எதிர்லயே நிக்கிறாங்க.”

5

முதல் முடிவு: அவர் முழங்குகிறார். ‘தம்பி! நோய்க்கு நாணுவது அறிவுக்கு (நிறுத்துங்கள். எந்த அண்ணன் இப்படிப் பேசுவான்? இது என் மேடைக் குரல்.)

இரண்டாம் முடிவு: “போட்டுக்கோ” என்கிறார். சில ஆண்டுகள் கழித்து அதே மருத்துவமனை வரிசையில், கையில் சீட்டோடு, தம்பி (எழுத முடியவில்லை.)

6

“ண்ணா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்டா.”

அடுத்த சொல்லை நான் எழுதப் போவதில்லை. எத்தனையோ பேருக்காக உரக்கப் பேசிவிட்டேன். ஓர் அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியிடம் பேச எனக்கு வாயில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டு. உங்களுக்கும் தம்பி இருந்தால், அவனிடமே.