பூமிக்குப் பாரம்

திரையில் இருந்த வரைபடத்தில் நாலாவது வாரத்தின் பட்டைதான் எல்லாவற்றையும்விடக் குட்டையாக நின்றது. அதை முதலில் கவனித்தவர் அவளுடைய கைடுதான். கருவியை மாற்றாமல், பயன்படுத்துகிறவரின் பழக்கத்திலேயே இவ்வளவு மின்சாரம் மிச்சமா, எப்படிச் சாதித்தீர்கள், இதை ஓர் அத்தியாயமாகவே எழுதலாமே என்று மனசாரப் பாராட்டினார். வகுப்பில் இருந்த பதினோரு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்போதுதான் எண்களைப் பார்த்தாள். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியிருந்தது. மூன்றாவதில் நூற்று நாற்பது. நாலாவதில் நூற்று முப்பத்து மூன்று. ஓடியது அப்பாவின் ஆக்சிஜன் மிஷின்.

நீடித்த வளர்ச்சிக்கான பொறியியல், வடிவமைப்பு என்று முதுகலை படிக்கிறாள். ஒரு பொருள் மண்ணிலிருந்து புறப்பட்டுக் குப்பைக்குப் போய்ச் சேரும் வரை பூமிக்கு எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட வேண்டும். மற்றவர்கள் நாற்காலி, செருப்பு, தண்ணீர் பாட்டில் என்று எடுத்துக்கொண்டார்கள். ராப்பகலாக ஓடுகிற மிஷின் ஒன்று கட்டில் பக்கத்திலேயே இருக்கும்போது அவள் எதற்கு வெளியே தேடுவாள்? ஓடிய மணி நேரத்தைக் காட்டும் சின்ன மீட்டர்கூட அதன் முதுகில் இருந்தது. ஞாயிறுதோறும் போனில் படம் எடுத்து வைத்தாளே தவிர, எண்களைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நேற்றுத்தான் கணினியில் மொத்தமாக ஏற்றினாள். படிப்பு படிப்பு என்று பறந்த பறப்பில் பட்டையின் உயரமும் கண்ணில் படவில்லை. என்ன படிப்போ, போங்கள்.

அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி, நுரையீரல் காய்ந்து, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன், "எனக்கு எட்டாத காலேஜுக்கு என் மிஷின் போகுது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தினமும் சாயங்காலம் அன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்பார். அவளும் சொன்னாள். மிஷினைச் செய்வதில் ஆகிற பாரம் கொசுறு, அதை ஓட்டுகிற மின்சாரம்தான் நூற்றுக்குத் தொண்ணூறு என்றாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "நம்ம வீட்லயே பூமிக்குப் பெரிய பாரம் நீங்கதாம்ப்பா" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

போன வாரம் டாக்டர் அப்பாவின் விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, நோய் கொஞ்சம் முற்றியிருக்கிறது என்றார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பாராட்டு முடிந்ததும் கைடிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. தையல் கம்பெனிக்குப் போயிருக்கும் அம்மா ஆறு மணிக்குத்தான் வருவாள். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. மூன்று வருஷமாக அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அப்பா ஜன்னலோரம், குழாயை ஒழுங்காகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

சுவிட்சைப் போட்டாள். குழாயை மூக்கில் மாட்ட இரண்டு தடவை தவறிற்று. உதட்டில் நிறம் திரும்பும் வரை அவர் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் கேட்க முடிந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"ரெண்டு மூணு மணி நேரம்தான் பாப்பா. தாங்குது."

"நான் காலேஜ் போற அஞ்சு நாளும் ஏழேழு மணி நேரம்ப்பா. மீட்டர்ல இருக்கு."

அவர் மிஷினை ஒருமுறை பார்த்தார். அதற்கு முதுகில் வாய் இருப்பது அவருக்குத் தெரியாது.

"நான் ஒருத்தன் மூச்சு விடறதுக்கு..." நிறுத்தி, இழுத்து, மறுபடி தொடங்கினார். "எவ்வளவு ஆகுதுன்னு நீதானே சொன்னே."

"அது பாடத்துல வர்ற வார்த்தைப்பா. நாற்காலிக்கும் அதேதான் போடுவோம்."

"வார்த்தை சரியாத்தான் இருக்கு பாப்பா." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்தக் கணக்கையே கிழித்துப் போடுகிறேன் என்றாள். அதெல்லாம் கூடாது, படிப்பை விடக் கூடாது என்றார். இனி அணைக்க மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியமும் பண்ணினார். அவர் பண்ணின சத்தியத்தை மீற அஞ்சாதவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவிடம் இருவருமே சொல்லவில்லை. அடுத்த நாள் ஒன்பது மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேம்ப்பா" என்றாள். அவர் சிரித்து, கையை ஆட்டினார். படி இறங்கி, தெருவுக்குப் போகாமல் பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, அவர் ஜன்னலுக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி நின்றாள். மேலே மிஷினின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய பஸ் முனையில் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. லாரி ஒன்று கடந்தபோது மேலே ஒன்றும் கேட்கவில்லை. அது போய் முடியட்டும் என்று காதைச் சுவரில் வைத்து, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.